நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு உரியவர்

மைசூர்,
21-11-1999, ஞாயிறு.

அன்புள்ள தீபாவுக்கு,

ஆஸ்பத்திரி வடிவு அக்கா எழுதுகிறேன். உறையின் மேலிருக்கும் கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு ஏற்ற துணி போட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம். வீட்டுக்காரருக்கு அதே ஷிப்ட் வேலை. ரூபா எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். நான் தமிழில் கேட்டால் அவள் கன்னடத்தில் பதில் சொல்கிறாள். தோளுக்கு மேல் வளர்ந்த பெண்ணை என்ன சொல்ல முடியும்?

உன் விலாசத்தை உன் அம்மாவிடம் வாங்கினேன். போன வாரம் அக்ரஹாரத்தில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது அவர்களே என்னைக் கண்டு நிறுத்தினார்கள். முழங்கால் வலி கொஞ்சம் இருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறார்கள். கவலைப்படாதே. நீ ஒரு கடிதத்தில், வடிவு அக்கா இன்னும் அந்த ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாரா என்று ஒரே ஒரு வரி கேட்டிருந்தாயாம். அதைச் சொன்னபோது என் கையிலிருந்த கீரைக்கட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அந்த ஒரு வரி இல்லையென்றால் இந்தக் கடிதம் எழுதும் தைரியம் எனக்கு வந்திருக்காது.

ஒன்றரை வருடமாக உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் ஒன்று உண்டு. சொல்லக் கூடாது என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். சென்ற செவ்வாய்க்கிழமை அவரே என்னை அந்த வாக்கிலிருந்து விடுவித்தார். நடந்ததை நடந்தபடி வரிசையாகச் சொல்கிறேன். இடையில் பழைய கதை கொஞ்சம் வரும். பொறுத்துக்கொண்டு படி.

பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்காக நீ முதல்முதலாக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? தொண்ணூற்றேழு ஜனவரி. மொபெட்டின் பின்னால் அலுமினியக் கேனைக் கயிற்றால் கட்டி எடுத்து வந்தாய். மூடியோரமாக வெள்ளைப் புகை வழிந்தது. வாசல் காவல் லிங்கப்பன் தீப்பிடித்துவிட்டது என்று மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அது நெருப்பில்லை, திரவ நைட்ரஜன், பனிக்கட்டியைவிடக் குளிரானது என்று நீ விளக்கினாய். அவர் நம்பவில்லை. நீ ஊரைவிட்டுப் போகும்வரை அந்த மொபெட்டை மருந்துக் கிடங்கின் பக்கத்தில் நிறுத்த விட்டதில்லையே அவர்!

ஆபரேஷன் தியேட்டரில் உனக்குச் சரியான அளவில் செருப்புக் கிடைக்காமல், பெரிய செருப்பை இழுத்து இழுத்து நடந்தாய். அன்றைக்கு ஒரு கர்ப்பப்பை எடுத்தார்கள். டாக்டர் அம்மா அதை ட்ரேயில் வைத்து என்னிடம் தந்தார்கள். நான் வழக்கம்போலப் பார்மலின் புட்டியை எடுக்கப் போனேன். நீ குனிந்து பார்த்து, இதில் எது முன்பக்கம் அக்கா என்று கேட்டாய். பதினைந்து வருடமாக அந்த ட்ரேயை வாங்கி வாங்கி வைத்தவள் நான். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அதற்கப்புறம் ஒவ்வொன்றையும் பார்த்தேன்.

கேன்டீனில் நீ எனக்குப் பாடம் சொன்னது இன்னும் மறக்கவில்லை. உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கும் குரோமோசோமின் நுனியில் ஒரு காப்பு இருக்கிறது, புடவை முந்தானையில் நூல் பிரியாமல் குஞ்சம் முடிந்திருப்பது மாதிரி என்று சொன்னாய். செல் ஒன்று இரண்டாகும்போதெல்லாம் அந்த நுனி கொஞ்சம் தேய்கிறது. தேய்ந்து தேய்ந்து ஒரு கட்டத்தில் செல்லுக்கு வயதாகிவிடுகிறது. ஆனால் தேய்ந்த நுனியைத் திரும்ப நீட்டிவிடுகிற என்சைம் ஒன்று உண்டு, அதன் பெயர் டெலோமரேஸ் என்றாய். உடம்பில் பெரும்பாலான இடங்களில் அது சத்தமில்லாமல் கிடக்கிறது. மாதாமாதம் உதிர்ந்து மாதாமாதம் புதிதாக வளர்கிற கர்ப்பப்பையின் உள்ளுறையில் மட்டும் விழித்துக்கொண்டு வேலை செய்கிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அங்கேயும் அடங்கிப்போகிறது. புற்றுநோய் வந்த இடத்தில் அடங்குவதே இல்லை. இதைத்தான் அளக்கப் போகிறேன் அக்கா என்று, ஆறிப்போன காபியைக் குடிக்காமலே எழுந்து போனாய்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகையில் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன் தீபா. யாராவது பார்த்திருந்தால் வயிற்றுவலி என்று நினைத்திருப்பார்கள். அதைத் தீட்டு என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அது மாதாமாதம் தன்னைப் புதிதாக்கிக்கொள்ளும் இடம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அப்புறம் அந்தப் பழுப்பு அட்டை நோட்டு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் நான் ஒவ்வொரு பெண்ணிடமும் உட்கார்ந்து, தமிழ்க்காரர்களுக்குத் தமிழிலும் மற்றவர்களுக்குக் கன்னடத்திலும், எடுக்கப் போவதில் ஒரு நகத்தளவு ஆராய்ச்சிக்கு வேண்டும், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்பேன். உங்கள் பேர் வெளியே போகாது என்பேன். உன் புட்டியில் எண் மட்டும் இருக்கும். எந்த எண் யாருடையது என்பது என் நோட்டில் மட்டும் இருக்கும். அந்த நோட்டை அலமாரியில் பூட்டி வைக்கச் சொன்னவளே நீதான்.

மரபணுவைப் பெருக்கிக் காட்டும் அந்த பி.சி.ஆர். இயந்திரம் ஓடும்போது கரண்ட் போய், இருபதாவது சுற்றில் எல்லாம் பாழானது என்று குக்கரஹள்ளி ஏரிக்கரையில் உட்கார்ந்து அழுதாயே, அன்று நான் காரப்பொரிச் சுருமுரி வாங்கித் தந்தேன். மிளகாய் காரத்தில் அழுகிறாயா, இயந்திரத்துக்காக அழுகிறாயா என்று தெரியாமல் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஆகஸ்டில் சோதனையின் முடிவு பதிந்த முதல் நல்ல பிலிம் வந்தது. ஏணிப்படி மாதிரி அடுக்கடுக்காகக் கறுப்புக் கோடுகள். அதை ஒரு செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு உன் மொபெட்டில் ஸ்ரீரங்கப்பட்டணம் போனோம். ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, காவிரிப் படிக்கட்டில் உட்கார்ந்து, அந்தப் பிலிமை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினாய். இது இருபத்தாறு வயதுப் பெண், மாதவிலக்கு முடிந்த பத்தாம் நாள், பாருங்கள் எத்தனை படி என்றாய். பக்கத்துப் படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, யாருக்கு எலும்பு முறிந்தது என்று கன்னடத்தில் கேட்டார். நீ சிரித்த சிரிப்பில் பிலிம் தண்ணீரில் விழுந்திருக்கும்.

என் வேலையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான். அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

இனி நாற்பத்தொன்றுக்கு வருகிறேன்.

தொண்ணூற்றெட்டு மார்ச்சில் ஒரு அம்மாவைச் சேர்த்தார்கள். ஐம்பத்தெட்டு வயது. மாதவிலக்கு நின்று ஒன்பது வருடம். கர்ப்பப்பை கீழே இறங்கியிருந்தது. பன்னிரண்டு வருடமாக அதோடே நடந்து, சுமை தூக்கி, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். வீட்டில் குடலிறக்கம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். மகனுக்கும் தெரியாது, மருமகளுக்கும் தெரியாது. கூட வந்திருந்த தங்கைக்கு மட்டும் தெரியும். நான் சம்மதம் கேட்டபோது, ஆறு பிள்ளை பெற்றது, இன்னும் யாருக்காவது ஆகுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டு, பேர் மட்டும் எந்தக் காலத்திலும் யாருக்கும் போகக் கூடாது என்று மாதேஸ்வரன் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் அந்தச் சாமியின் மலைக்குப் பக்கத்துக் கொள்ளேகால்காரி. அந்தச் சாமி மேல் செய்த சத்தியம் எனக்கு விளையாட்டில்லை.

மே மாதத் தொடக்கத்தில் நீ பிலிமோடு வந்தாய். நாற்பத்தொன்றில் ஏணிப்படி முழுக்கக் கறுத்திருந்தது. வயதான பெண், அங்கே ஒன்றுமே இருக்கக் கூடாது. மூன்று தடவை திரும்பச் செய்தாய். மூன்று தடவையும் அப்படியே வந்தது. திசுவைச் சோதித்த பேதாலஜி அறிக்கையில் நோய் எதுவும் இல்லை என்றிருந்தது. உங்கள் பேராசிரியர், வேறு சாம்பிள் கலந்திருக்கும், இல்லாவிட்டாலும் ஆராய்ச்சி வேறு, நோயாளிக்கு நோய் சொல்வது வேறு, நம் சோதனையை வைத்து யாரையும் கலவரப்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார். நீ அமெரிக்கா கிளம்பப் பத்து நாள்தான் இருந்தது. கேன்டீனில் எனக்கு எதிரே உட்கார்ந்து அந்தப் பேரைக் கேட்டாய். நான் மாட்டேன் என்றேன்.

அன்று பேசியதில் இரண்டு வார்த்தைகள் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. நீ கேட்டது:

“அக்கா, உங்களுக்கு அந்த நோட்டு பெருசா, அந்த அம்மா பெருசா?”

நான் சொன்னது:

“ஊருக்குப் போற அவசரத்துல ஒரு பொம்பளையப் பயமுறுத்திட்டுப் போகப் பாக்கறே தீபா. உங்க சாருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சா?”

உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். பிலிமை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாய். கிளம்புகிற நாளில் வந்து சொல்லிவிட்டுப் போவாய் என்று சாயங்காலம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வரவில்லை.

இதுவரைதான் உனக்குத் தெரியும். இனிமேல் உள்ளது தெரியாது.

(நேற்று இவ்வளவில் நிறுத்தினேன். இன்று திங்கள், மதியம்தான் டியூட்டி. தொடர்கிறேன்.)

நீ பேசியதிலிருந்து பத்தொன்பது நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கணக்கை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. பிலிமை நோட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சத்தியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். பேராசிரியர் ஒன்று சொல்ல, டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க, ஒரு நர்ஸ் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

மே கடைசியில் பேதாலஜிக்கு ஒரு புட்டி கொண்டுபோனேன். அங்கே பழைய புட்டிகளை அலமாரியிலிருந்து இறக்கித் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அறிக்கை கொடுத்து முடித்தவற்றை நாளைக்கு அப்புறப்படுத்தப் போகிறோம் என்றார்கள். மூன்றாவது வரிசையில், என் கையால் நான் சீட்டு ஒட்டிய, அந்த அம்மாவின் புட்டி இருந்தது. அதற்குள் வெளிறிப்போய் அது கிடந்தது.

நேரே பேதாலஜி டாக்டர் கிருஷ்ணராஜ் அறைக்குப் போனேன். மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே என்ன சிஸ்டர் என்றார். அந்தப் புட்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் வெட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். ஏன் என்றார். நீ சொன்னது முழுவதையும் சொன்னேன், முந்தானைக் குஞ்சம் உட்பட. உன் பிலிமைக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். இந்தச் சோதனையைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருக்கிறேன், இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன் என்றார். பிறகு கொஞ்சம் கோபமாக, நான் இரண்டு இடத்தில் வெட்டிப் பார்த்தேன், இரண்டும் சுத்தம், எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறோம் என்றார். போங்கள், பார்க்கிறேன் என்றார்.

மூன்றாம் நாள் அவரே தியேட்டர் வாசலுக்கு வந்தார். அந்த மனிதர் தம் அறையைவிட்டு மாடியேறி வந்து நான் பார்த்ததில்லை. எட்டு இடத்தில் வெட்டியிருந்தார். ஏழில் ஒன்றுமில்லை. இடதுபக்க மூலையில், கருக்குழாய் சேரும் இடத்தில், ஒரு துவரம்பருப்பளவில் புற்று. என் தவறு சிஸ்டர் என்று கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். அறிக்கையைத் தம் கையாலேயே திருத்தி எழுதினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தப்பை ஒப்புக்கொள்ள மாடியேறி வருகிறவர் எத்தனை பேர்?

ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் போடலாம் என்றார். போட்டால் மகன் கையில்தான் கிடைக்கும். நான் போகிறேன் என்று ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

விடிந்ததும் கொள்ளேகால் பஸ் பிடித்து, அங்கிருந்து மாதேஸ்வரன் மலைக்கு மாறினேன். வழியில் இரண்டு இடத்தில், சந்தனக் கடத்தல்காரனைத் தேடும் போலீஸ் நிறுத்தி எல்லோருடைய பையையும் சோதித்தார்கள். மலைவளைவுகளில் எனக்குத் தலை சுற்றியது. சுற்றியது வளைவினாலா, போய் என்ன சொல்லப் போகிறேன் என்ற நினைப்பினாலா, தெரியாது. கோயிலுக்குப் போகும் வழியில் அந்த அம்மாவின் கடை. தேங்காய், ஊதுவத்தி, விபூதி, பிள்ளைகளுக்கு ஊதல். வாசலில் மருமகள் பூவாத்தாள் தேங்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா என்னைப் பார்த்த கணமே அடையாளம் கண்டுகொண்டார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மைசூரிலிருந்து வருஷா வருஷம் வருகிறவர், நம்ம வாடிக்கை என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, கோயில் வரை கூட்டிப்போய் வருகிறேன் என்று என்னை அழைத்துக்கொண்டு நடந்தார்.

கோயிலுக்குள் போகவில்லை. பக்தர்கள் முடி இறக்கும் இடத்துக்குப் பின்னால், ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அந்த அம்மா முடிக்கும்வரை கேட்டார். பிறகு கேட்டது நோயைப் பற்றி இல்லை.

“பேரு வெளிய போவாதுன்னு சாமி மேல சொன்னீங்களேங்க. இப்ப எத்தன பேருக்குத் தெரியும்?”

டாக்டருக்கும் எனக்கும் மட்டும்தான், இதைக் கண்டுபிடித்த பெண்ணுக்குக்கூட நான் பேர் சொல்லவில்லை, அந்தக் கோபத்தில் அவள் என்னிடம் சொல்லாமலே வெளிநாடு போய்விட்டாள் என்றேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. நோய் வந்தது அவருக்கு, அழுதது நான். வெட்கமாக இருந்தது. அந்த அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, அதுதான் எடுத்தாயிற்றே, இன்னும் எங்கே இருக்கும் அந்த நோய் என்று கேட்டார். பக்கத்தில் பரவியிருக்கிறதா என்று பெங்களூரில் பார்க்க வேண்டும், இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்றேன். இன்னொரு தடவை குடலிறக்கம் என்று எப்படிச் சொல்வேன், எனக்கு வேண்டாமுங்க என்று எழுந்துவிட்டார். கடைக்குத் திரும்பி, எனக்கு விபூதியும் இரண்டு தேங்காயும் பையில் போட்டு, காசு வாங்காமல் அனுப்பினார். பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, இவரையும் இழந்தோம், உன்னையும் இழந்தோம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

இருபது நாள் கழித்து, காலை எட்டு மணிக்கு, லிங்கப்பன் வந்து உங்களைத் தேடி ஒரு அம்மா நிற்கிறார் என்றார். ஒரு துணிப்பையோடு தனியாக நின்றார். மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம், பன்னிரண்டு வருஷக் கதையையும். சொன்னால் வீடே சிரிக்கும் என்று நினைத்தாராம். மகன் காளியப்பன் அன்றைக்குக் கடையையே மூடிவிட்டானாம். இத்தனை நாள் தேங்காய் மூட்டையை உன்னைத் தூக்க வைத்தேனே என்று அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னானாம். அவன் பின்னாலேயே அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டான்.

பெங்களூரில் சினைப்பைகளை எடுத்தார்கள். இடதுபக்கத்தில் ஒரு கடுகளவு பரவியிருந்தது. அறிகுறி ஏதும் தெரிய இன்னும் ஒரு வருடம் ஆகியிருக்கும், அதற்குள் எங்கே போயிருக்குமோ என்று அங்கிருந்த டாக்டர் சொன்னாராம். ஐந்து வாரம் கதிர் சிகிச்சை. ரொம்பவும் இளைத்துப்போனார். சோறு இறங்கவில்லை. மருமகள்தான் கூட இருந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள்.

இதையெல்லாம் ஏன் அப்போதே எழுதவில்லை என்று கேட்பாய். பேரைச் சொல்லாமல் எழுதியிருக்கலாம்தான். வேறொன்றும் நடந்தது. நோட்டைத் திறந்தது நிர்வாகத்துக்குத் தெரிந்து, மேட்ரன் நஞ்சம்மா என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒரு உயிர் பிழைத்தது சரி, ஆனால் பேர் சொல்ல மாட்டோம் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்களிடம் வாங்கிய சம்மதத்துக்கு இனி என்ன மதிப்பு என்று கேட்டார்கள். நோட்டை வாங்கிக்கொண்டார்கள். தியேட்டரிலிருந்து என்னைப் பிரசவ வார்டுக்கு மாற்றினார்கள். சாம்பிள் தருவதும் நின்றது. உன் வேலையைத் தொடர வந்த விஜய்குமார் இரண்டு தடவை வந்து, வெறும் கேனோடு திரும்பிப் போனான். நீ ஒன்றரை வருடம் அழுது கட்டியதை நான் ஒரே நாளில் மூடிவிட்டேன் என்று தோன்றியது. அதை எந்த வார்த்தையில் உனக்கு எழுதுவது? பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன்.

எனக்காக நீ வருத்தப்பட வேண்டாம். பிரசவ வார்டு நல்ல இடம். காது மட்டும் கொஞ்சம் அடைத்துப்போகிறது. டாக்டர் கிருஷ்ணராஜ் இப்போது எல்லோருக்கும் நாலு இடத்தில் வெட்டிப் பார்க்கிறார். உன் அம்மா சொன்னார்கள், அங்கே நீ அந்த டெலோமரேஸின் ஜீனிலிருந்து வரும் செய்தியை வெட்டி ஒட்டுவதைப் பற்றிப் படிக்கிறாயாம். எனக்குப் புரியாமல் டாக்டரிடம் போய்க் கேட்டேன். செல்லே அந்தச் செய்தியைப் பல மாதிரியாக வெட்டி ஒட்டிக்கொள்கிறது, ஒரு மாதிரி ஒட்டினால் என்சைம் வேலை செய்யும், வேறு மாதிரி ஒட்டினால் செய்தி இருந்தும் வேலை நடக்காது என்றார். கர்ப்பப்பையிலும் அப்படித்தானா என்று கேட்டேன். அதைத்தான் உங்கள் பெண் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்றார். உங்கள் பெண் என்று சொன்னார். நான் திருத்தவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை அந்த அம்மா மறுபரிசோதனைக்காக மைசூர் வந்திருந்தார். எல்லாம் சுத்தமாக இருக்கிறது. உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. மருமகளோடு வார்டுக்கே என்னைத் தேடி வந்தார். அன்று காலை பிறந்த குழந்தை ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண் எங்கே இருக்கிறாள், உங்களோடு பேசுகிறாளா என்று கேட்டார். இல்லை என்றேன். எழுதினீர்களா என்றார். உங்களைப் பற்றி எழுதாமல் எனக்கு எழுத ஒன்றுமில்லை, எழுதினால் சத்தியம் போகும் என்றேன். குழந்தையின் துணியை இழுத்துச் சுற்றிவிட்டார். வார்டில் பத்துப் பேர் இருந்தார்கள். குரலைத் தணிக்காமலே சொன்னார்:

“அந்தப் புள்ளைக்குக் காயிதம் போடுங்க. நெம்பர் போடாதீங்க. என்ற பேரு மாதம்மா. மாதம்மான்னே எழுதுங்க.”

அதனால் எழுதுகிறேன். நாற்பத்தொன்றாம் எண்ணின் பெயர் மாதம்மா. மாதேஸ்வரன் மலையில் தேங்காய்க் கடை. இப்போது மூட்டை தூக்குவதில்லை. சிறுவர்களுக்கு ஊதல் விற்கும்போது முதலில் தானே ஊதிப் பார்த்துத்தான் கொடுக்கிறாராம். நீ மூன்று தடவை செய்து பார்த்த சோதனை சரி தீபா. மூன்று தடவையும் சரி.

உனக்குத் தமிழ் எழுதுவது கஷ்டம் என்று தெரியும். கன்னட எழுத்தில் தமிழை எழுதினாலும் நான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்வேன். இரண்டு வரி போதும். ஒன்றும் எழுதத் தோன்றாவிட்டால் வெறும் அட்டையில் விலாசம் மட்டும் எழுதிப் போட்டாலும் போதும். வந்து சேர்ந்தால் நீ இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்வேன்.

உன் கண்ணையும் கையையும் மாதேஸ்வரன் காப்பாற்றட்டும். அங்கே உன்னோடு உட்கார்ந்து காபி குடிக்க ஒருத்தி கிடைத்திருக்கட்டும். ஊருக்கு வந்தால் அம்மாவை மட்டும் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதே. பிரசவ வார்டில் பார்வையாளர் நேரம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை. அந்த நேரமெல்லாம் உனக்கு இல்லை. நீ எப்போது வந்தாலும் கதவைத் திறக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

என்றும் உன் நலத்தையே நினைத்திருக்கும்,
வடிவு அக்கா.